தூரமா, வெளிச்சமா? புதுக் கேமராவுக்கு முதல் லென்ஸ்

புதுக் கேமரா வாங்கிய வீடுகளில் முதல் மாதத்திலேயே கிளம்பும் புலம்பல் ஒன்று உண்டு. பொள்ளாச்சியிலோ கோபியிலோ ஒரு கல்யாண மண்டபம், மாலை வரவேற்பு. அறுபதாயிரம் ரூபாயைத் தொட்ட மிரர்லெஸ் கேமராவில் எடுத்த படம் மங்கலாக, பொரிபொரியாக இருக்கிறது. பக்கத்தில் நின்ற சித்தப்பா பையன் போனில் எடுத்ததோ பளிச்சென்று வந்திருக்கிறது. வீட்டார் பழியைக் கேமராவின் மேல் போடுவார்கள். கேமரா விற்றவர் எடுத்தவருக்குக் கை பழகவில்லை என்பார். இரண்டு பேருமே பெரும்பாலும் தப்பு. குறை இருப்பது, பெட்டியைப் பிரிக்கும்போதே கேமராவோடு சேர்ந்து வந்த அந்தச் சின்ன ஜூம் லென்ஸில், கடைக்காரர்கள் ‘கிட் லென்ஸ்’ என்று சொல்வதில். இதை நம்பச் சொல்ல வேண்டியதில்லை, கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கேனான் நிறுவனத்தின் ஆரம்பநிலைக் கேமராக்களில் இருக்கும் ஏ.பி.எஸ்-சி வகைச் சென்சார் 22.3 மில்லிமீட்டர் அகலம், 14.9 மில்லிமீட்டர் உயரம். பரப்பு சுமார் 332 சதுர மில்லிமீட்டர். ஓரளவு விலையுள்ள போனின் முதன்மைக் கேமராவில் சென்சார் தோராயமாக 10-க்கு 7.5, அதாவது 75 சதுர மில்லிமீட்டர். ஆக, கேமராவின் சென்சார் நாலரை மடங்கு பெரியது. இது மட்டும்தான் கணக்கு என்றால் கேமரா எப்போதும் ஜெயிக்கும். ஆனால் சென்சாருக்கு எவ்வளவு ஒளியை உள்ளே விடுவது என்பது லென்ஸின் கையில் இருக்கிறது. எஃப் எண் சிறிதானால் லென்ஸின் துளை பெரிது. எண் இரட்டித்தால் ஒளி நாலில் ஒரு பங்காகிவிடும். போனின் லென்ஸ் வழக்கமாக எஃப்/1.8-ஐ ஒட்டி இருக்கும். கிட் லென்ஸை முழுதாக ஜூம் செய்தால் எஃப்/5.6, இன்றைய சில கேமராக்களில் எஃப்/6.3. எஃப்/1.8-க்கும் எஃப்/5.6-க்கும் இடையே ஏறக்குறைய பத்து மடங்கு ஒளி வித்தியாசம். பரப்பில் நாலரை மடங்கு லாபம், துளையில் பத்து மடங்கு நஷ்டம்: மொத்தத்தில் அந்தப் பெரிய சென்சாருக்குக் கிடைப்பது போனுக்குக் கிடைக்கும் ஒளியில் பாதிகூட இல்லை. அதற்கு மேல், போன் அடுத்தடுத்துப் பல படங்களைச் சுட்டு ஒன்றாக அடுக்கிப் புள்ளிகளைத் துடைத்தும் தருகிறது. சித்தப்பா பையன் ஜெயித்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

இதே கேமராவில் எஃப்/1.8 லென்ஸ் ஒன்றை மாட்டினால் கணக்கு அப்படியே திரும்புகிறது. துளை சமம், சென்சார் நாலரை மடங்கு பெரிது. கேமராவுக்குக் கொடுத்த காசு அப்போதுதான் வேலை செய்யத் தொடங்குகிறது. ஆகவே இந்தக் கட்டுரையின் வாதம் ஒன்றுதான்: கேமராவுக்குப் பிறகு கையில் மிஞ்சும் முதல் பத்து, இருபதாயிரத்தைத் தூரத்தை இழுக்கும் லென்ஸுக்குப் போடக் கூடாது, ஒளியை அள்ளும் லென்ஸுக்குப் போட வேண்டும். கொங்கு நாட்டில் புதிதாகக் கேமரா பிடிப்பவர் எடுக்கும் படங்களில் பெரும்பாலானவை எங்கே, எந்த நேரத்தில் எடுக்கப்படுகின்றன என்று பார்த்தால் இதற்கு மேல் சாட்சி தேவையில்லை.

விடியுமுன்னே முகூர்த்தம். மண்டபத்து மேடையில் மட்டும் விளக்கு, கீழே அரையிருட்டு. வீட்டு விசேஷங்கள் டியூப் லைட்டில் நடக்கும். இப்போது ஊருக்கு ஊர் மறுபடி உயிர்பெற்றிருக்கும் வள்ளி கும்மி பெரும்பாலும் இரவில், கோயில் மைதானத்தில், கம்பத்தில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில் ஆடப்படுகிறது. கும்மியில் கையும் பாவாடையும் சுழல்வதை உறையவைக்க நொடியில் 250-ல் ஒரு பங்கு ஷட்டர் வேகமாவது வேண்டும். அந்த வெளிச்சத்தில் எஃப்/5.6 லென்ஸோடு இந்த வேகத்துக்குப் போனால் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளி உணர்திறன் அளவு) 12,800 வரை ஏற வேண்டிவரும். முகத்தின் நிறமே மாறிப்போகும். எஃப்/1.8-ல் அதே படத்துக்கு 1,300 போதும். ‘லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே’ என்று கடையில் சொல்வார்கள். இருக்கிறது, நல்லதும்கூட. ஆனால் அது தடுப்பது நம் கையின் நடுக்கத்தை. ஆடுகிறவரின் அசைவை அது என்ன செய்ய முடியும்? பேரூர் பட்டீசுவரர் கோயில் கனகசபையின் தூண் சிற்பங்கள் அசையப்போவதில்லை. படமெடுக்க அனுமதி கிடைக்கும் இடங்களில், கல்லை எடுக்க கிட் லென்ஸும் நிதானமான கையும் தாராளம். மனிதர்கள் கல்லாக நிற்பதில்லை என்பதுதான் சிக்கல்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கிட் லென்ஸ்கள் வர வர இருட்டாகிக்கொண்டே போகின்றன. டி.எஸ்.எல்.ஆர். காலத்தின் 18-55 எம்.எம். லென்ஸ் எஃப்/3.5-ல் தொடங்கி 5.6-ல் முடிந்தது. 2022-ல் கேனான் தன் மிரர்லெஸ் கேமராக்களுக்குக் கொண்டுவந்த 18-45 லென்ஸ் தொடங்குவதே எஃப்/4.5-ல், முடிவது 6.3-ல். சென்சார் முன்னேறிவிட்டது, பெட்டியும் சின்னதாக, எடை குறைவாக வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்கிறார். நிறுவனம் துளையைக் குறைத்து மிச்சம் பிடிக்கிறது. பகலில் இது யாருக்கும் தெரியாது. மாசியில் கோனியம்மன் தேர், சித்திரையில் அவிநாசித் தேர் என்று வெயிலில் நின்று எடுத்தால் இந்த லென்ஸ் கூர்மையாகவே எடுக்கும். அதனால் கிட் லென்ஸை விற்றுவிடு, வாங்காதே என்று சொல்லும் கட்சியில் சேர வேண்டியதில்லை. தனியாக விற்கப் போனால் அதற்கு விலையும் கிடைக்காது.

சரி, ஒளி அள்ளும் லென்ஸ் என்று முடிவாயிற்று. எது? கோவை காந்திபுரத்திலோ ஆர்.எஸ்.புரத்திலோ எந்தக் கடையில் கேட்டாலும், “பிஃப்டி எடுத்துக்கோங்க, போதுமுங்க” என்பதே பதிலாக இருக்கும். 50 எம்.எம். எஃப்/1.8. மலிவான, கூர்மையான, 160 கிராம் எடையுள்ள லென்ஸ். கேனான் 1990-ல் கொண்டுவந்த பதிப்பு இருபத்தைந்து வருஷம் ஓடியது, 2015-ல் எஸ்.டி.எம். பதிப்பு வந்தது, மிரர்லெஸுக்கான ஆர்.எஃப். பதிப்பு 2020-ல் வந்தது. இந்தப் பரிந்துரை ஃபிலிம் காலத்திலிருந்து வழிவழியாக வருவது. அன்று 35 எம்.எம். ஃபிலிமில் 50 என்பது நடுவான பார்வை. கேமராவோடே சேர்த்து விற்கப்பட்ட லென்ஸ் அது. ஆனால் ஏ.பி.எஸ்-சி சென்சார் அந்த ஃபிலிமைவிடச் சிறியது. கேனானில் 1.6, நிகான், சோனியில் 1.5 என்ற பெருக்கத்தில் அந்த 50, பழைய கணக்கில் 80 அல்லது 75 ஆகிவிடுகிறது. பரிந்துரை அப்படியே நின்றுவிட்டது, அதன் அடியில் இருந்த கேமரா மாறிவிட்டது.

இதன் விளைவை அடிக்கணக்கில் பார்ப்போம். இரண்டு மீட்டர் அகலத்தை, அதாவது நெருங்கி நிற்கும் நாலு பேரை, படத்துக்குள் அடக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். கேனான் ஏ.பி.எஸ்-சி கேமராவில் 50 எம்.எம். லென்ஸுக்கு நாலரை மீட்டர், கிட்டத்தட்ட பதினைந்து அடி பின்னால் போக வேண்டும். நம் வீடுகளில் அறை என்பது பத்துக்குப் பன்னிரண்டு. சுவரைத் தாண்டிப் போய்த்தான் எடுக்க வேண்டும். கவுண்டர் வீட்டுக் கல்யாணத்தில் இணைச்சீர்ச் சடங்கு நடக்கும்போது மாப்பிள்ளையையும் அவர் அக்காள் தங்கையையும் சுற்றி உறவுக்கூட்டம் கைநீட்டும் தூரத்தில் நெருக்கி நிற்கும். அங்கே பதினைந்து அடி பின்வாங்கினால் கிடைப்பது முதுகுகள். அதே இரண்டு மீட்டருக்கு நிகான், சோனி கேமராக்களில் 35 எம்.எம். என்றால் மூன்று மீட்டர் போதும். கேனானில் 24 எம்.எம். என்றால் இரண்டு மீட்டரைக் கொஞ்சம் தாண்டினால் போதும். ஆகவே கடைகள் சொல்லும் பிஃப்டியை முதல் லென்ஸாக நான் சொல்ல மாட்டேன். குழந்தையின் முகம், மணப்பெண்ணின் தனிப்படம் என்று ஒற்றை ஆள் படமே உங்கள் ஆசை என்றால் அதைவிட மலிவாக நல்லது கிடையாது. வீடும் விசேஷமும் எடுக்க என்றால் 24-க்கும் 35-க்கும் இடையே ஒன்று வேண்டும்.

எது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு படத்துக்குள்ளும் அது எத்தனை எம்.எம்.-இல் எடுக்கப்பட்டது என்ற குறிப்பு பதிந்திருக்கும். கிட் லென்ஸோடு இரண்டு மாதம் சுற்றிவிட்டு, கணினியில் அந்தப் படங்களைத் திறந்து விவரத்தைப் பாருங்கள். பிடித்த படங்கள் 24-ஐச் சுற்றிக் குவிந்திருந்தால் அதுவே உங்கள் பார்வை. கிட் லென்ஸை 35-ல் நிறுத்தி, நாள் முழுக்க ஜூமைத் தொடாமல் எடுத்துப் பார்ப்பது காசில்லாத ஒத்திகை.

நிறுவனம் நிறுவனமாகப் பார்த்தால் நிலைமை ஒரே மாதிரி இல்லை. பழைய நிகான் டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர்தான் அதிர்ஷ்டசாலி: 2009-ல் வந்த 35 எம்.எம். எஃப்/1.8 டி.எக்ஸ். லென்ஸ் இந்த வேலைக்கென்றே அளவெடுத்துத் தைத்தது, இரண்டாம் கையில் தாராளமாகக் கிடைக்கிறது. நிகானின் இசட் 30, இசட் 50 காரர்களுக்கு 2023-ல் வந்த 24 எம்.எம். எஃப்/1.7 இருக்கிறது. சோனியின் சொந்த 35 எஃப்/1.8 நல்ல லென்ஸ், விலைதான் உறைக்கும். ஆனால் சோனி மவுன்ட்டுக்கு சிக்மாவின் 30 எஃப்/1.4-லிருந்து டி.டி.ஆர்ட்டிசன், வில்ட்ராக்ஸ் போன்ற சீன நிறுவனங்களின் லென்ஸ்கள் வரை கடை விரிந்து கிடக்கிறது. கேனான் டி.எஸ்.எல்.ஆருக்கு 24 எம்.எம். எஃப்/2.8 தட்டை லென்ஸ், 1.8 அளவுக்கு ஒளி இல்லை என்றாலும் 5.6-ஐவிட நாலு மடங்கு. கேனான் மிரர்லெஸ்காரர்கள்தான் நீண்டநாள் பட்டினி கிடந்தார்கள். ஆர்.எஃப். மவுன்ட்டில் ஏ.பி.எஸ்-சிக்கான வெளி நிறுவன ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களுக்கு 2024-ல்தான் கதவு திறந்தது, சிக்மா உள்ளே வந்தது. கேனானின் சொந்த 28 எம்.எம். எஃப்/2.8 ஒரு நடுவழி. இந்த வகை லென்ஸ்கள் ஏறக்குறைய பத்தாயிரத்தில் தொடங்கி முப்பதாயிரத்தை ஒட்டி முடிகின்றன.

பெரிய துளைக்கு ஒரு விலை உண்டு, அது ரூபாயில் இல்லை. எஃப்/1.8-ல் 50 எம்.எம். லென்ஸால் ஐந்தடி தூரத்து ஆளை எடுத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஆறு சென்டிமீட்டர் சொச்சம். கண் தெளிந்தால் காது மங்கும். தம்பதி தோளோடு தோள் நின்றால்கூட ஒருவர் அரை அடி பின்னால் இருப்பார், அவர் மங்கிவிடுவார். 35 எம்.எம். என்றால் அந்த ஆழம் பதிமூன்று சென்டிமீட்டர் ஆகிறது, எம்.எம். குறைந்த லென்ஸுக்கு இது இன்னொரு ஆதரவு. பின்னணி மங்கும் மோகத்தில் எப்போதும் 1.8-லேயே எடுப்பவர்களின் ஆல்பத்தில் பாதிப் படம் மூக்கு நுனி தெளிந்ததாக இருக்கும். தூரத்தைச் சரியாகப் பிடிப்பது என்ற இந்தத் தொல்லை கோவைக்குப் பழையது. 1905-லேயே சாமிக்கண்ணு வின்சென்ட் படம் காட்டும் கருவி வாங்கி ஊர் ஊராகப் போனார். பிறகு சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜா ஸ்டூடியோவும் வந்தன. 1936-ல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைத் தன் கேமராவில் பிடித்த ஜி.டி. நாயுடு, ரேசர் பிளேடு, மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி என்று செய்த பலவற்றுக்கிடையே சினிமா கேமராவுக்கான தூரத் திருத்தி ஒன்றையும் செய்தார். இன்றைய மிரர்லெஸ் கேமராக்கள் கண்ணைத் தேடித் தாமாகவே பிடித்துக்கொள்கின்றன. ஆனாலும் இரண்டு பேர் இருந்தால் எஃப்/2.8, குடும்பமே நின்றால் எஃப்/4 என்று துளையைக் குறைப்பது எடுப்பவரின் வேலைதான்.

ஜூம் இல்லாத இந்த லென்ஸை வைத்துக்கொண்டு விசேஷத்தில் திண்டாட வேண்டிவராதா என்பது நியாயமான கேள்வி. தாலி கட்டும் நொடியில் முன்னே பின்னே நடக்க இடமிருக்காது. காசு வாங்கிக்கொண்டு எடுப்பவருக்கு இந்த ஆட்சேபம் முழுக்கப் பொருந்தும். அவருக்கு என் பரிந்துரை பலவீனமானதுதான். எஃப்/2.8 ஜூம் ஒன்று, அதாவது பழைய கேமராவுக்கு டாம்ரானின் 17-50-ஐ இரண்டாம் கையிலோ, மிரர்லெஸுக்கு சிக்மாவின் 18-50-ஐப் புதிதாகவோ வாங்குவது அவருக்குச் சரி. எஃப்/5.6-ஐவிட நாலு மடங்கு ஒளி, ஜூமும் உண்டு. ஆனால் விலை எஃப்/1.8 லென்ஸைப்போல இரண்டு மடங்குக்கும் மேலே போகும், ஒளியோ அதில் பாதிகூட இல்லை. வீட்டுக்காக எடுப்பவர் ஒரு நொடியைத் தவறவிட்டால் யாரும் பணத்தைத் திருப்பிக் கேட்கப்போவதில்லை.

திருப்பூரில் பனியனுக்கும், சென்னிமலையில் பெட்ஷீட்டுக்கும், பவானியில் ஜமக்காளத்துக்கும் ஆன்லைன் விற்பனைப் படம் எடுக்கவே கேமரா வாங்குகிறவர்கள் இப்போது ஏராளம். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது இதற்கு நேர்மாறு: புது லென்ஸே வேண்டாம். துணியை மேசையில் விரித்தால் ஓரத்திலிருந்து ஓரம் வரை தெளிய வேண்டும், அதற்கு எஃப்/8. அங்கே 1.8 துளைக்கு வேலையே இல்லை. நெசவின் இழையை நெருங்கி எடுப்பதிலும் கேனானின் 18-55 எஸ்.டி.எம். கிட் லென்ஸ் பொருளை 0.36 மடங்கு வரை காட்டும். பேர்பெற்ற பிஃப்டியோ 0.21 மடங்கோடு நின்றுவிடும். அந்தப் பத்தாயிரத்தை ஒரு உறுதியான டிரைபாடுக்கும், நிறம் பிசகாத இரண்டு எல்.இ.டி. விளக்குக்கும் போட்டால், வாடிக்கையாளர் ‘படத்தில் பார்த்த கலர் இது இல்லை’ என்று சரக்கைத் திருப்பி அனுப்புவது குறையும். கூடுதலாக ஒன்று: நூல் பஞ்சு பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றி மாட்டக் கூடாது. சென்சாரில் ஒட்டிய பஞ்சு எஃப்/8-ல் எடுத்த ஒவ்வொரு படத்திலும் கரும்புள்ளியாகத் தெரியும்.

அடுத்த ஆட்சேபம் காட்டிலிருந்து வருகிறது. வால்பாறை பக்கத்தில் இருக்கும்போது, நஞ்சராயன் குளம், வெள்ளோடு ஆகிய பறவைச் சரணாலயங்கள் ராம்சார் ஈரநிலப் பட்டியல் வரை போயிருக்கும்போது, தூரத்து லென்ஸ் வேண்டாம் என்றால் எப்படி? ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் வரையாடு சாலையோரத்துக்கே வந்து நிற்கும். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் கூரைமேல் ஓடும். அவற்றுக்கு 55-250 போன்ற மலிவான ஜூம் பகலில் போதும், அதை இரண்டாவது லென்ஸாக வாங்குவதில் எனக்கு எதிர்ப்பில்லை. பறவை என்பது வேறு கணக்கு. அரை மீட்டர் நீளமுள்ள நீர்ப்பறவை நாற்பது மீட்டர் தள்ளி நின்றால், 250 எம்.எம். லென்ஸில் அது சென்சாரில் விழும் நீளம் மூன்று மில்லிமீட்டர், அதாவது படத்தின் அகலத்தில் ஏழில் ஒன்று. படத்தில் மூன்றில் ஒரு பங்காவது பறவை இருக்க வேண்டுமென்றால் 600 எம்.எம். வேண்டும், அதன் விலை கேமராவைவிட அதிகம். கிணறு எத்தனை அடி என்று சொல்லாமல் எத்தனை எச்.பி. என்று மட்டும் கேட்டு மோட்டார் வாங்குகிற ஆள் கோவையில் இல்லை. லென்ஸ் விஷயத்தில் மட்டும் அந்தக் கேள்வி மறந்துபோகிறது. 250 வாங்கியவர் பறவைக்குப் போய் ஏமாறுவார், மண்டபத்துக்கு எடுத்துப்போய் இருட்டில் மறுபடி ஏமாறுவார். பறவையில் பித்துப் பிடித்தவர் முதலில் பைனாகுலர் வாங்கி ஒரு பருவம் பார்த்துவிட்டு, பிறகு பெரிய லென்ஸுக்குச் சேர்ப்பது மேல்.

‘நாளைக்கு ஃபுல் ஃபிரேம் கேமராவுக்குப் போவேனே, அப்போது இந்தச் சின்ன லென்ஸ் வீணாகாதா’ என்பதும் அடிக்கடி கேட்பது. போகிறவர்கள் சிலர். அவர்களும் அன்றைக்குப் பழைய கேமராவோடு லென்ஸையும் சேர்த்து விற்றுவிடலாம். வராத கேமராவுக்காக இருக்கிற கேமராவில் பொருந்தாத லென்ஸை மூன்று வருஷம் சுமப்பதில் லாபம் இல்லை.

இனி வாங்கும் இடத்துச் சங்கதிகள். இரண்டாம் கை நிகான் வாங்கியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டி3500, டி5600 வரிசைக் கேமராக்களின் உடம்பில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று பழைய 50 எம்.எம். எஃப்/1.8டி லென்ஸை மாட்டினால் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, பெயரில் ஏ.எஃப்-எஸ் என்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதிது வாங்கினால் பில்லோடு வாங்குவது நல்லது. விலையில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதாவது 11,800 ரூபாய் லென்ஸில் 1,800 வரி. பதிவுள்ள தொழிலுக்காக வாங்குகிற திருப்பூர்க்காரர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பில் இல்லாமல் ஆயிரம், இரண்டாயிரம் குறைத்துத் தரப்படும் வெளிவழிச் சரக்கில் அந்தக் கழிவும் இல்லை, இந்திய வாரன்டியும் இல்லை.

பழைய லென்ஸில் பெரிய பகை பூஞ்சை. கோவை ஓரளவு உலர்ந்த ஊர். ஊட்டியும் வால்பாறையும் அப்படி அல்ல. சின்னக்கல்லாறு பக்கம் மாதக்கணக்கில் மழைதான். மலையில் அலமாரிக்குள் கிடந்த லென்ஸ் விலைக்கு வந்தால், இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கமாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். சிலந்தி நூல் மாதிரி கிளை ஓடியிருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். நல்லதாக வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல் போட்டு, ஈரப்பதம் நாற்பது, ஐம்பது சதவீதத்தில் நிற்கும்படி வைத்தால் போதும். தோல் பைக்குள்ளேயே மாதக்கணக்கில் விட்டுவைப்பதுதான் பூஞ்சைக்குப் போடும் விருந்து. வாங்கப் போகும்போது உங்கள் கேமராவையே எடுத்துப் போங்கள். கடை வாசலில் நின்று தூரத்துப் பெயர்ப்பலகையையும், கையெட்டும் தூரத்தில் ஒரு செய்தித்தாளையும் எஃப்/1.8-ல் எடுத்து, திரையில் பெரிதாக்கி நான்கு மூலையையும் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தொடர்ந்து மங்கினால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்துக் காட்டச் சொல்லலாம்.